எதன் சராசரி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மலை ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகையில் ‘எம்.எஸ்.எல்.’ என்று போட்டு ஓர் எண்ணைக் குறித்திருக்கிறார்கள். அது ‘மீன் சீ லெவல்’ என்பதன் சுருக்கம் என்று என் பேத்திக்குச் சொன்னேன். கடலில் மீன் இருப்பதால் அப்படிப் பெயரா என்று அவள் கேட்டாள். சிரித்துச் சமாளித்தேனே தவிர, அந்த ‘மீன்’ அங்கே என்ன வேலை செய்கிறது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய பயிற்சி ஏட்டில் ‘கடல் மட்டத்திலிருந்து உதகையின் சராசரி உயரம் 2,203 மீட்டர்’ என்று இருக்கிறது. இது சரியா? – வாசகர், குன்னூர்.

பதில்: தமிழ்க் காதுக்கு அந்த ஆங்கிலச் சொல் மீனாகத்தான் விழும், பேத்தியின்மேல் குற்றமில்லை. பயிற்சி ஏட்டில் உள்ள வாக்கியம்தான் சரியன்று. எண் சரி, ஊர் சரி, ‘சராசரி’ என்ற சொல்லும் சரி. அந்தச் சொல் உட்கார்ந்திருக்கும் இடம் தவறு. பலகையில் உள்ள, ‘சராசரி’ என்று பொருள்படும் ‘மீன்’ என்னும் ஆங்கில அடைமொழி உதகையின் உயரத்தைச் சார்ந்ததன்று, கடலின் மட்டத்தைச் சார்ந்தது. ‘சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 2,203 மீட்டர் உயரம்’ என்று எழுதியிருந்தால் பிழையில்லை.

ஒரு சொல் இரண்டடி தள்ளி உட்கார்ந்ததால் என்ன குடி முழுகிவிட்டது என்று சிலர் கேட்கக்கூடும். உதகையின் சராசரி உயரம் என்று சொன்னால், ஏரிக்கரை, சேரிங்கிராஸ், ஃபெர்ன்ஹில், எல்க்ஹில் என ஊரின் மேடு பள்ளங்கள் எல்லாவற்றிலும் உயரத்தை அளந்து, கூட்டி, அளந்த இடங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பெற்ற விடை என்றுதான் பொருள்படும். 2,203 என்ற எண்ணை அப்படி யாரும் பெறவில்லை. அது ரயில் நிலையம் என்ற ஒரே இடத்தின் உயரம். இதே பழக்கத்தில் ‘தொட்டபெட்டாவின் சராசரி உயரம் 2,637 மீட்டர்’ என்றும் எழுதுகிறார்கள். இது இன்னும் விபரீதமானது. சிகரம் என்பது ஒரு மலையின் உச்சிப் புள்ளி. ஒரு புள்ளிக்கு ஓர் உயரம் உண்டே தவிரச் சராசரி உயரம் கிடையாது. தொட்டபெட்டா மலை முழுவதையும் அடிவாரத்திலிருந்து எடுத்துச் சராசரி கண்டால், கிடைக்கும் எண் 2,637-ஐவிடக் குறைவாகவே இருந்தாக வேண்டும்.

உயரத்தோடு சராசரியைச் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீலகிரிப் பீடபூமியின் சராசரி உயரம் ஏறக்குறைய 6,500 அடி என்று சொல்வது முறையான வழக்கு. ஏனென்றால் அங்கே ஒரு பரந்த நிலப்பரப்பின் பல உயரங்களை ஓர் எண்ணால் குறிக்கிறோம். அந்த வாக்கியத்தை முழுமையாக விரித்தால், சராசரிக் கடல் மட்டத்திலிருந்து பீடபூமியின் சராசரி உயரம் என்று இரண்டு சராசரிகள் வரும். அவற்றுள் ஒன்று மலையினுடையது, மற்றது கடலினுடையது. ரயில் நிலையப் பலகையில் இருப்பது இரண்டாவது மட்டுமே.

இனி, கடலுக்கு ஏன் அந்த அடைமொழி தேவைப்பட்டது என்று பார்ப்போம். கடல் ஒரு நிலையில் நிற்பதில்லை. அலைகளை விட்டுவிட்டாலும், நிலவும் சூரியனும் இழுக்கும் இழுப்பில் நம் கரைகளில் நாளொன்றுக்குப் பெரும்பாலும் இருமுறை நீர் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுகின்றன. இடைப்பட்ட அட்டமி நாட்களை ஒட்டிக் குறைகின்றன. பருவக்காற்று, காற்றழுத்தம், நீரின் வெப்பம், உப்பின் செறிவு ஆகியவையும் தம் பங்குக்கு மட்டத்தை மாற்றுகின்றன. இந்த நிலையில் ‘கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு உயரம்’ என்று வெறுமனே சொன்னால், எந்த நாளின் எந்த வேளைக் கடல் மட்டம் என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்வியை முன்கூட்டியே அடைப்பதற்காக வைக்கப்பட்டதுதான் ‘மீன்’ என்ற அடைமொழி.

துறைமுகங்களில், கடலோடு தொடர்புடைய ஒரு கிணற்றுக்குள் மிதவையைத் தொங்கவிட்டு, அது ஏறி இறங்குவதைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகள் வைக்கப்பட்டன. அலையின் துள்ளல் கிணற்றுக்குள் அடங்கிவிடுவதால், நீரின் மெதுவான ஏற்றவற்றம் மட்டும் பதிவாகும். மணிக்கு ஒன்றாக அந்த அளவுகளை எடுத்து, கூட்டி, வகுத்தால் கிடைப்பது சராசரிக் கடல் மட்டம். ஒரு மாதக் கணக்கோ ஓராண்டுக் கணக்கோ இதற்குப் போதாது. நிலவின் பாதை தன் சாய்வில் ஒரு முழுச் சுற்றை முடிக்க ஏறத்தாழ 18.6 ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சுற்றுக்கேற்ப ஏற்றவற்றத்தின் வீச்சும் மெல்ல மாறுகிறது. ஆகவே 19 ஆண்டுப் பதிவுகளை எடுத்துக்கொள்வதே சிறந்த முறை. மணிக்கு ஒரு பதிவு என்றால் 19 ஆண்டுகளில் 1,66,000-க்கும் மேற்பட்ட அளவுகள் சேரும். மூன்றெழுத்தில் அடங்கிய அந்தச் சொற்றொடருக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கூட்டல் கணக்கு இருக்கிறது.

இந்தியாவில் பல பதிற்றாண்டுகளாகப் புழங்கிவரும் உயரங்களின் அடிப்படை 1909-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையின் ஃபால்ஸ் பாயிண்ட் ஆகிய ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டங்களைப் பூச்சியமாகக் கொண்டு, அங்கிருந்து நாடெங்கும் மட்டம் எடுத்துச் சென்றார்கள். மட்டம் எடுப்பது என்பது, அளவு பொறித்த இரண்டு கோல்களை முன்னும் பின்னுமாக நிறுத்தி, நடுவில் ஒரு தொலைநோக்கியைப் படுகிடையாக வைத்து, இரு கோல்களிலும் தெரியும் எண்களின் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, அப்படியே படிப்படியாக நகர்வது. கொத்தனார் கையிலுள்ள ரசமட்டத்தின் குமிழி செய்கிற வேலையைத்தான் அந்தத் தொலைநோக்கியோடு பொருத்திய குமிழியும் செய்கிறது. வழியில் கற்களில் குறி பொறித்து, ஒவ்வொரு குறியின் உயரத்தையும் பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். இப்படி ஏறி நடந்து சேர முடியாத சிகரங்களின் உயரத்தை முக்கோணக் கணக்கால் கண்டார்கள். 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணி அந்த வகையைச் சேர்ந்தது.

சராசரியை ஏன் எடுக்க வேண்டும், உச்ச ஏற்றத்தையோ கடைசி வற்றத்தையோ பூச்சியமாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், வைத்துக்கொள்ளலாம். கப்பலோட்டிகள் அப்படித்தான் செய்கிறார்கள். கடல் வரைபடங்களில் குறிக்கப்படும் ஆழங்கள் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய மட்டத்திலிருந்து அளக்கப்படுபவை. சராசரி மட்டத்திலிருந்து ஆழத்தைக் குறித்தால், நீர் வற்றியிருக்கும் வேளையில் வரைபடத்தை நம்பி வந்த கப்பல் தரை தட்டிவிடும். மலைக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஏற்றத்தின் வீச்சு ஊருக்கு ஊர் பெரிதும் மாறுவது. சென்னையில் ஒரு மீட்டர் அளவில் இருப்பது, குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டரைத் தொடும். சராசரியோ துறைமுகத்துக்குத் துறைமுகம் அவ்வளவாக மாறாது. அதனால்தான் நிலத்தின் உயரத்துக்கு அது பொருத்தமான பூச்சியம். அவ்வளவாக மாறாது என்றேனே தவிர, மாறவே மாறாது என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஒன்பது துறைமுகங்களின் மட்டங்களும் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடுபவை. கணக்கின் வசதிக்காக எல்லாவற்றையும் பூச்சியம் என்று வைத்துக்கொண்டார்கள்.

உலகக் கடல்களின் சராசரி மட்டம் 1900-க்குப் பிறகு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அப்படியானால் உதகை 20 சென்டிமீட்டர் குள்ளமாகிவிட்டதா என்று பேத்தி அடுத்துக் கேட்பாள் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். பலகையில் உள்ள எண் இன்றைய கடலை நோக்கி அளந்ததன்று. பழைய பதிவுகளிலிருந்து பெற்று உறுதிப்படுத்தப்பட்ட பூச்சியத்தை நோக்கி அளந்தது. கடல் ஏறினாலும் அந்தப் பூச்சியம் தானாக ஏறாது. ஆகவே பலகைக்கு மறுவண்ணம் பூச வேண்டியதில்லை.

கேள்வி: கோத்தகிரியில் என் வீட்டு வாசலில் நின்று கைபேசியில் உயரம் பார்த்தேன். ஒரு செயலி ஏறக்குறைய 1,800 மீட்டர் என்கிறது. இன்னொன்று 1,700-க்குச் சற்று மேல் என்கிறது. ஒரே கைபேசி, ஒரே வாசல். எதை நம்புவது? – வாசகர், கோத்தகிரி.

பதில்: இரண்டும் பொய் சொல்லவில்லை, இரண்டும் வெவ்வேறு பூச்சியத்திலிருந்து எண்ணுகின்றன. செயற்கைக்கோள்களைக் கொண்டு உயரம் காணும் முறையில், பூமியைத் துருவங்களில் சற்றே தட்டையான, வழவழப்பான ஒரு கோளமாகக் கற்பித்துக்கொண்டு, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து உயரம் கணக்கிடப்படுகிறது. சராசரிக் கடல் மட்டம் அவ்வளவு வழவழப்பானதன்று. பூமிக்குள் பொருள்திணிவு எங்கும் ஒரே சீராக இல்லாததால் ஈர்ப்பும் சீராக இல்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடலின் சராசரிப் பரப்பு தாழ்ந்தும், மிகுந்த இடத்தில் உயர்ந்தும் நிற்கிறது. உலகிலேயே மிக ஆழமான அத்தகைய தாழ்வு நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடற்பரப்பு கற்பனைக் கோளத்தைவிட 100 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதன் விளிம்பு தென்னிந்தியாவையும் தொடுவதால், நம் மலைகளின் அடியில் நீட்டிப் பார்க்கப்படும் சராசரிக் கடல் மட்டமும் அந்தக் கோளத்தைவிட ஏறத்தாழ 90 மீட்டர் தாழ்வாக உள்ளது. பூச்சியம் கீழே போனால் உயரம் கூடும் அல்லவா? அந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்ட செயலி 1,800 என்கிறது. சேர்க்காத செயலி 90 மீட்டர் குறைத்துச் சொல்கிறது. ரயில் நிலையப் பலகையோடு ஒப்பிட வேண்டுமானால் முதல் செயலியையே எடுத்துக்கொள்ளுங்கள். செயலியின் அமைப்புப் பக்கத்தில் ‘மீன் சீ லெவல்’ என்ற தேர்வு இருந்தால் அதை இயக்கிவிட்டால் குழப்பம் தீரும்.

காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் சொல்லும் கருவிகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவை, சராசரிக் கடல் மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரு நிலையான எண்ணை வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. மழைக்காலத்தில் தாழ்வழுத்தம் வந்து அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே, கோத்தகிரி உயரத்தில் கருவி சுமார் 10 மீட்டர் கூடுதலாகக் காட்டும். புயல் வரும்போது உங்கள் வீடு மேலே ஏறிவிட்டதாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம்.

கேள்வி: என் தோழி கோபத்தில் என்னை ஆங்கிலத்தில் ‘மீன்’ என்று திட்டினாள். நான் சராசரியானவள் என்று சொல்கிறாளா? – வாசகி, கூடலூர்.

பதில்: இல்லை, அம்மா. ஓசையும் எழுத்தும் ஒன்றானாலும் அது வேறு சொல். அளவைச் சொல், ‘நடுவிலுள்ள’ என்ற பொருளில் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. திட்டும் சொல், ‘பொதுவான’ என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் இருந்து, காலப்போக்கில் மதிப்பிழந்து, அற்பத்தனம், கஞ்சத்தனம் என்ற பொருள்களில் வந்து நின்றது. உங்கள் தோழி கணக்கு ஆசிரியையாக இருந்தாலொழிய இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார்.

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஆவரேஜ்’ என்கிறார்கள், ‘மீன்’ என்கிறார்கள். இரண்டையும் நாம் சராசரி என்றே சொல்கிறோம். இரண்டும் ஒன்றுதானா? – வாசகர், எமரால்டு.

பதில்: பேச்சில் ஒன்று, கணக்கில் ஒன்றன்று. ‘ஆவரேஜ்’ என்பது தளர்வான சொல். ஒரு தொகுதியில் நடுவாக நிற்கும் எந்த எண்ணையும் அது குறிக்கும். ‘மீன்’ என்பது இறுக்கமான சொல். எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்துப் பெற்ற எண்ணையே அது வழக்கமாகக் குறிக்கிறது. நம் பள்ளிப் பாடநூல்கள் அதைக் கூட்டுச் சராசரி என்றும், வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை இடைநிலை அளவு என்றும், அதிகமாகத் திரும்பத் திரும்ப வரும் எண்ணை முகடு என்றும் பிரித்தே சொல்கின்றன. பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்து நிலைத்துவிட்ட ‘சராசரி’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு ‘கூட்டு’ சேர்த்தால் இந்த நுட்பம் விளங்கிவிடுகிறது என்பதால், புதுச் சொல் தேட வேண்டிய தேவையே எழவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஒரு பேச்சுக்கு, அந்த மாதத்தின் மற்ற முப்பது நாட்களும் ஒரு துளிகூடப் பெய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கூட்டுச் சராசரியின்படி அந்த மாதத்தின் தினசரி மழை 2.5 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். இடைநிலை அளவும் முகடுமோ பூச்சியமாகவே இருக்கும். மூன்றையும் ‘ஆவரேஜ்’ என்றே ஒருவர் எழுதினால் மொழியின்படி அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. ‘மீன்’ என்று எழுதினால் குறைந்தபட்சம் எந்தக் கணக்கைச் செய்தார் என்பதாவது தெரியும்.

கேள்வி: குன்னூர் ஏலத்தில் சராசரி விலை இவ்வளவு என்று செய்தியில் படிக்கிறோம். பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் அறிவிக்கும் விலையும் அதையொட்டித்தான் வருகிறது. ஏலத்தில் நல்ல ரகங்கள் பெரிய விலைக்குப் போயின என்று கேள்விப்படும் வாரத்திலும் சராசரி அசைவதே இல்லை. இதில் ஏதாவது சூது இருக்கிறதா? – சிறு தேயிலை விவசாயி, மஞ்சூர்.

பதில்: சூது இருக்கிறதா என்பதை இந்தப் பகுதி தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் நிலைமை சூது இல்லாமலே ஏற்படக்கூடியது. அதை மட்டும் விளக்குகிறேன். ஒரு வாரத்தில் 1,000 கிலோ உயர்ரகத் தூள் கிலோ 200 ரூபாய்க்கும், 9,000 கிலோ சாதாரணத் தூள் கிலோ 100 ரூபாய்க்கும் விற்றதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 150 வரும். ஏலச் சராசரி அதுவன்று. விற்ற மொத்தத் தொகையை விற்ற மொத்த எடையால் வகுக்க வேண்டும். 11,00,000 ரூபாயை 10,000 கிலோவால் வகுத்தால் 110 ரூபாய். இதற்கு எடையிட்ட சராசரி என்று பெயர். அதிக எடை எந்த விலைக்கு விற்றதோ அந்த விலையை ஒட்டியே அது நிற்கும். உயர்ரகத் தூளின் விலை 200-லிருந்து 250-க்குத் தாவினாலும் சராசரி 115-க்குத்தான் போகும். சாதாரணத் தூள் கிலோவுக்கு ஆறு ரூபாய் ஏறினாலே அதைவிடக் கூடுதலான விளைவு உண்டாகும்.

விவசாயிக்கு இதில் உள்ள உண்மையான குறை வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் மட்டும் பார்த்துப் பறித்துக் கொடுத்தவரும், முற்றிய இலையையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தவரும் அதே சராசரியை அடிப்படையாகக் கொண்ட விலையைப் பெறும்போது, முன்னவரின் உழைப்பு அந்த எண்ணுக்குள் கரைந்துவிடுகிறது. சராசரி தவறாகக் கணக்கிடப்பட்டது என்று வாதிடுவதைவிட, தரம் பார்த்து விலை வேண்டும் என்று வாதிடுவது உங்களுக்கு வலுவான நிலை.

கேள்வி: மலை ரயில் பாதையின் சரிவு 12-க்கு 1 என்று ஒரு நூலிலும், 24-க்கு 1 என்று மற்றொன்றிலும் படித்தேன். – வாசகர், வெலிங்டன்.

பதில்: முதலாவது மிகச் செங்குத்தான சரிவு, இரண்டாவது சராசரிச் சரிவாக இருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்திலும் உதகை 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆகவே 46 கிலோமீட்டர் பாதையில் 1,877 மீட்டர் ஏற்றம். வகுத்துப் பார்த்தால் 24.5 மீட்டருக்கு ஒரு மீட்டர். இந்தச் சராசரியை மட்டும் நம்பி ஓர் எஞ்சினை வடிவமைத்திருந்தால் அது கல்லாறைத் தாண்டியிருக்காது. ஏற்றத்தின் பெரும்பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் குவிந்திருப்பதாலேயே அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறுமாறு செய்தார்கள். குன்னூருக்கு மேல் அது தேவைப்படவில்லை. பாலத்துக்கும் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் உச்ச அளவைத்தான் பார்க்க வேண்டும். நிலக்கரிச் செலவுக்கும் நேரத்துக்கும் சராசரி உதவும்.

நேரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரயில் மேலே ஏற ஏறத்தாழ 5 மணி நேரமும், கீழே இறங்க ஏறத்தாழ மூன்றரை மணி நேரமும் ஆகின்றன. ஏறும் வேகம் மணிக்கு 9.2 கிலோமீட்டர்; இறங்கும் வேகம் 13.1. போக வரச் சராசரி வேகம் என்ன என்று கேட்டால், பலரும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 11.2 என்பார்கள். மொத்தத் தூரமான 92 கிலோமீட்டரை மொத்த நேரமான எட்டரை மணியால் வகுத்தால் 10.8 தான் வரும். மெதுவான வேகத்தில் ரயில் நெடுநேரம் ஓடுவதால் அதற்குக் கூடுதல் எடை உண்டு. பள்ளியில் இதை இசைச் சராசரி என்று கற்பிப்பார்கள்.

கேள்வி: ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் என்று பார்த்துவிட்டுக் காய்கறி நட்டேன். உறைபனியில் கருகிவிட்டது. – வாசகர், கேத்தி.

பதில்: ஒரு நாளின் சராசரி வெப்பநிலை என்பது பெரும்பாலும் அந்நாளின் உச்சத்தையும் தாழ்வையும் கூட்டிப் பாதியாக்கிய எண். பகலில் 20, இரவில் 0 என்றாலும் சராசரி 10. பகலில் 13, இரவில் 7 என்றாலும் சராசரி 10. செடி கருகுவது முதல் நாளில் மட்டும். மலையில் பனிக்காலத்துக்கு, சராசரியைப் பார்க்காமல் தாழ்வெப்பத்தின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால், பள்ளத்தாக்கின் அடியில் உள்ள தோட்டம் மேட்டுத் தோட்டத்துக்கு முன்பே உறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு கம்பை நட்டு மாணவர்களோடு நிழல் அளந்தோம். நிழல் மிகக் குறுகும் வேளை 12 மணியாக இல்லை. நவம்பர் தொடக்கத்தில் 12 மணி 4 நிமிடத்துக்கும், பிப்ரவரியில் 12 மணி 34 நிமிடத்துக்கும் வந்தது. கம்பு சாய்ந்துவிட்டதா, கடிகாரம் கெட்டுவிட்டதா? – ஆசிரியை, கொடைக்கானல்.

பதில்: இரண்டும் இல்லை, மிகச் சிறப்பாக அளந்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் இரண்டு திருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன, அவற்றுள் ஒன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் அடைமொழியைச் சேர்ந்தது.

முதலாவது இடத்தைப் பற்றியது. இந்திய நேரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 77.5 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பதால், உங்கள் ஊரின் நண்பகல் கடிகாரத்தின் 12 மணிக்கு 20 நிமிடம் பிந்தியே வரும்.

இரண்டாவது சூரியனைப் பற்றியது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் வந்து விரைவாகவும், ஜூலைத் தொடக்கத்தில் விலகிச் சென்று மெதுவாகவும் நகர்கிறது. பூமியின் அச்சும் ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இவ்விரு காரணங்களால், ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. சக்கரங்களால் ஓடும் கடிகாரம் இந்தத் தாறுமாறைப் பின்பற்ற முடியாது. ஆகவே ஆண்டின் எல்லா நாட்களின் நீளத்தையும் சராசரியாக்கி, வானத்தில் எப்போதும் ஒரே வேகத்தில் செல்லும் ஒரு கற்பனைச் சூரியனை வானியலார் படைத்துக்கொண்டார்கள். அதற்குச் சராசரிச் சூரியன் என்று பெயர். கிரீன்விச் மீன் டைம் என்னும் தொடரில் உள்ள ‘மீன்’ இதையே குறிக்கிறது. அது கிரீன்விச்சின் சராசரியன்று, சூரியனின் சராசரி. ரயில் பலகையில் நேர்ந்த அதே குழப்பம் இங்கும் நேர்வதுண்டு. அடைமொழி எந்தப் பெயரைப் பற்றிக்கொள்கிறது என்று பாராமல் மொழிபெயர்ப்பதால் வருவது அது.

உண்மைச் சூரியன் நவம்பர் தொடக்கத்தில் இந்தக் கற்பனைச் சூரியனைவிட 16 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக முந்திச் செல்கிறது. பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பின்தங்குகிறது. 12 மணி 20 நிமிடத்திலிருந்து 16-ஐக் கழித்தால் உங்கள் நவம்பர் அளவு, 14-ஐக் கூட்டினால் உங்கள் பிப்ரவரி அளவு. 1899-இல் குன்னூர் வரை மலை ரயில் ஓடத் தொடங்கியபோது ரயில்வே கடிகாரங்கள் சென்னையின் சராசரிச் சூரியனைப் பின்பற்றிய மதராஸ் நேரத்தில் இயங்கின. 1906-இல்தான் இன்றைய இந்திய நேரம் வந்தது. உங்கள் கம்பு இந்த மூன்று ஏற்பாடுகளையும் பொருட்படுத்தாமல் உண்மைச் சூரியனை மட்டும் பார்க்கிறது. ஏப்ரல் நடுவிலும், ஜூன் நடுவிலும், செப்டம்பர் தொடக்கத்திலும், டிசம்பர் இறுதியிலும் இரு சூரியன்களும் ஏறத்தாழ ஒன்றுசேரும். அந்த நாட்களில் அளந்தால் 12 மணி 20 நிமிடத்தை ஒட்டியே விடை வர வேண்டும். வந்த விடைகளை எங்களுக்கும் எழுதுங்கள். ஒரு செய்தியை மட்டும் மாணவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: ஏப்ரல் நடுவில் சூரியன் கொடைக்கானலின் உச்சிக்கு மிக அருகில் வந்துவிடுவதால் நிழல் சில விரற்கடைக்குள் சுருங்கிவிடும், அப்போது குறுகிய நிழலைத் தேடுவதைவிட, நிழல் வடக்குத் தெற்காக விழும் கணத்தைக் குறித்துக்கொள்வது எளிது.